முப்பத்திரண்டு சொற்களுக்கு மூன்று நட்சத்திரம்

1. ஒரே பேச்சு, இருபத்தாறு வாய்

பேச்சுப்போட்டிக்கு மூன்று கிழமை இருக்கும்போது பரீனா நாலாவது தடவையாகவும் அதே வசனத்தில் வந்து நின்றாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஊரை விட்டு வந்து குடியேறிய இந்தக் குளிர்நாட்டில், மில்லிக்கன் என்ற இடத்து ஒரு பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை காலைகளில் நான் தமிழ் படிப்பித்தேன். மற்ற ஐந்து நாளும் பக்கத்து நகரமான மார்க்கத்தில் ஒரு கொம்பனியில் கொம்பியூட்டர் பாகங்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை. ஊரில் பதினொரு வருடம் தமிழ் ஆசிரியையாக இருந்தவள் என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அந்த நினைப்பைக் காட்ட எனக்குக் கிடைத்த இடமோ கரும்பலகையின் ஒரு மூலை. வார நாட்களில் அங்கே படிப்பிக்கும் வெள்ளைக்கார ரீச்சர் 'அழிக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டிவிட்டுப் போவா. முழுப் பலகையிலும் அவவின் கணக்கு. மிச்சமுள்ள ஒரு முழ இடத்தில் நான் எழுவாய், பயனிலை எல்லாம் நடத்த வேண்டும்.

பேச்சுப்போட்டி என்றால் இங்கே என்னவென்று இப்போது படிப்பிக்க வரும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். எங்கள் வகுப்புகளை நடத்திய சங்கம் ஒரு வயதுப் பிரிவுக்கு ஒரு பேச்சை அச்சடித்து எல்லா வகுப்புக்கும் அனுப்பும். எல்லாப் பிள்ளைகளும் அதே பேச்சைப் பாடமாக்கி, ஒருவர்பின் ஒருவராக மேடையேறி ஒப்புவிக்க வேண்டும். பாதிப் பிள்ளைகள் ஒவ்வொரு வரிக்குக் கீழும் அதை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பார்கள். பொருள் கேட்டால் தெரியாது. ஆனால் 'அவையோரே' என்று சொல்லும்போது வலது கையை எவ்வளவு தூரம் நீட்டவேண்டும் என்று தெரியும். ஒரு வசனம் விட்டால் புள்ளி குறையும். மண்டபத்தில் இருக்கும் பெற்றோர் அந்த ஒரே பேச்சை முப்பது நாற்பது தரம் கேட்பார்கள். தங்கள் பிள்ளை முடிந்தவுடன் பாதிப்பேர் எழும்பி வாகனத் தரிப்பிடத்துக்குப் போய்விடுவார்கள். யாரை நோவது?

அந்த வருடம் நடுப்பிரிவுக்கான பேச்சை எழுதியது நான். தலைப்பு, எங்கள் தாய்மொழி. அதில் ஒரு வசனம்: "வீட்டிலே பிழையான தமிழ் பேசுவோரை அன்போடு திருத்துவோம், தூய தமிழே பேசவைப்போம்." எழுதி முடித்ததும் இரண்டு தரம் வாசித்துப் பார்த்துப் பூரித்துப்போனேன்.

என் வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். பரீனாவுக்குப் பத்து வயது. ஊரில் கிழக்குக் கரையில், கல்முனைப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். மற்றவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். வகுப்பிலேயே பொருள் விளங்கிப் பேசக்கூடிய பிள்ளை அவள் ஒருத்திதான். பரிசு அவளுக்கென்று நான் மனதுக்குள் எழுதிவைத்திருந்தேன். அந்தப் பிள்ளைதான் அந்த வசனம் வந்ததும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

"மறந்து போச்சோ?" என்று கேட்டேன்.

"இல்ல ரீச்சர்."

"பிறகென்ன? சொல்லு. வீட்டிலே பிழையான…"

"ஐ டோன்ட் வோன்ட் டு சே தட்."

"சொல்ல விருப்பமில்லையெண்டால் ஏன் வாறாய்? போய் இரு!" என்று கத்திவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை.

2. தொலைபேசி

பரீனாவின் தாய் றிஸ்வானாவை எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வரும்போது கதைக்கத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது. குளிர், மரக்கறியின் விலை, மாமியார் குரல் பதிந்து அனுப்பிய கசெற் எல்லாம் கதைப்பா. வாய் ஓயாது, சிரிப்பும் ஓயாது. யோசித்துப் பார்த்தால் அந்த வருடம் தை மாதத்துக்குப் பிறகு அவ வகுப்பு வாசலுக்கு வரவேயில்லை. தகப்பன்தான் காரைக் கொண்டுவந்து வெளியே நின்று ஹோர்ன் அடிப்பார். எனக்கு அது உறைக்கவில்லை. இருபத்தாறு பிள்ளைகளுக்குள் எதுதான் உறைக்கும் என்று சொல்லித் தப்பலாம். ஆனால் அது பொய். நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தேன். றிஸ்வானாதான் எடுத்தா.

"நான் சிவமலர் ரீச்சர் கதைக்கிறன். பரீனாவுக்குச் சுகமில்லையோ?"

"ஹஸ்பண்ட் நொட் ஹோம். யூ கோல் ஷொப்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டா.

எனக்கு ஆத்திரம் வந்தது. இவவுக்கு என்ன வந்தது, என்னோடு இங்கிலீஷ் கதைக்கிறாவாம் என்று சமையலறையில் நின்று தனியே புறுபுறுத்தேன்.

3. நசீர் காட்டிய கொப்பி

பரீனாவின் தகப்பன் நசீர், ஸ்டீல்ஸ் வீதியில் ஒரு பிளாசாவின் பின்பக்கம் கார் திருத்தும் கராஜ் வைத்திருந்தார். ஒருநாள் வேலை முடிந்ததும் நேரே அங்கே போனேன். அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். கதிரை இழுத்துப் போட்டார். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார். கோபமாக இருக்கும் மனிதர் மரியாதை குறையாமல் நடந்தால் எதிரே இருப்பவருக்குத்தான் அந்தரம்.

"அண்ணை, போட்டி வருகுது. பிள்ளையை ஏன் மறிச்சு வைச்சிருக்கிறியள்?"

"நான் மறிக்கல்ல ரீச்சர். புள்ளதான் வரமாட்டன் எண்டு நிக்கிது."

எழும்பிப்போய், காரின் முன்சீற்றிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். திறந்தவுடன் என் சிவப்புப் பேனா எழுத்துத்தான் முதலில் தெரிந்தது.

தை மாதம் நான் ஒரு வீட்டுவேலை கொடுத்திருந்தேன். 'வீட்டில் கேட்ட பத்துப் பிழையான சொற்கள்.' இடது பக்கம் பிழை, வலது பக்கம் சரி. சங்கத்துக் கூட்டத்தில் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்ட பயிற்சி அது. என் பிள்ளைகள் எப்படிச் செய்வார்கள் என்று கேட்கவா வேண்டும்? பாதிப்பேர் செய்யவில்லை. நாலுபேர் ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியிருந்தார்கள். ஒருவன் தகப்பன் கார் ஓட்டும்போது மற்ற ட்ரைவர்மாருக்குச் சொல்லும் சொற்களை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு வந்திருந்தான்.

பரீனா மட்டும் பத்துக் கேட்டதற்கு முப்பத்திரண்டு எழுதியிருந்தாள். தாயின் பின்னாலேயே கொப்பியோடு திரிந்து எழுதியிருக்கிறாள். உம்மா, வாப்பா, சாச்சி, ஆணம், பசியாறு என்று இடது பக்கம் முழுக்கத் தாயின் வாய்ச்சொற்கள். அவளுக்குச் 'சரி' தெரியாத இடங்களில் நானே சிவப்பால் நிரப்பியிருந்தேன். உம்மாவுக்கு நேரே அன்னை, சாச்சிக்கு நேரே சிற்றன்னை, ஆணத்துக்கு நேரே குழம்பு. பசியாறு என்பதற்கு நேரே 'காலை உணவு உண்'. எந்த வீட்டில் எந்தத் தாய் பிள்ளையைப் பார்த்து "காலை உணவு உண்" என்கிறாள்? என் வீட்டில் நானே "சாப்பிட்டிட்டுப் போவன்ரி, நேரமாச்செல்லே" என்று கத்துகிறவள். என் வாயில் வருவது எனக்குத் தமிழாகக் கேட்டது, அவவின் வாயில் வருவது பிழையாகக் கேட்டது. அவ்வளவுதான் விசயம்.

அடியில் மூன்று நட்சத்திரம் போட்டு 'மிக நன்று' என்று எழுதியிருந்தேன். அதோடும் விடவில்லை. அந்தக் கொப்பியை வகுப்பில் உரத்து வாசித்தும் காட்டியிருந்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

நசீர் சத்தம் போடாமல் சொன்னார். "என்ட பொண்டாட்டி நல்லாத் தமிழ் வாசிப்பா ரீச்சர். புள்ளக்கி ஸ்டார் கிடைச்சிரிக்கு எண்டு சந்தோசமாத்தான் கொப்பியத் தொறந்தா."

நான் கொப்பியை மூடினேன்.

"அந்த நாள்ல இருந்து மகளோட தமிழ் கதைக்கிறல்ல. என்ட தமிழால புள்ள கெட்டுப்போகும் எண்டு சொல்றா. அவக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரியும்? கம். ஈட். ஸ்லீப். ரெண்டு மாசத்துக்கு மேல உம்மாக்கும் மகளுக்கும் இடையில இந்த மூணு சொல்லுத்தான். முந்தி ரெண்டுபேரும் கதைக்கிற கதையில எனக்கு நியூஸ் கேக்க ஏலாது."

பிறகு ஒன்று சொன்னார்.

"தமிழ் மறக்கப்படாது எண்டுதானே ரீச்சர் ஒங்களிட்ட அனுப்பின."

வெளியே வந்து காருக்குள் இருந்து அழுதேன். வெட்கத்தில் வந்த அழுகை அது. ஒரு வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தமிழை நிறுத்துவதற்கு ஒரு தமிழ் ஆசிரியை தேவைப்பட்டிருக்கிறாள்.

4. "பேப்பர் அடிச்சாச்சு"

சங்கத்தின் தலைவர் பரமசிவம் மாஸ்டர். ஊரில் பெரிய பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். இங்கே போட்டியின் பிரதம நடுவரும் அவர்தான். அந்த வசனத்தை எடுத்துவிடுங்கோ என்று அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"உதென்ன கதை ரீச்சர்? பேப்பர் அடிச்சு எல்லா வகுப்புக்கும் போயிட்டுது. இனி மாத்தேலாது."

"பிழையெண்டு தெரிஞ்ச பிறகும் பிள்ளையளைச் சொல்லவைக்கிறதோ?"

"என்ன பிழை? இலக்கணம் சரியாத்தானே இருக்கு?"

"இலக்கணம் சரி மாஸ்டர். கருத்துப் பிழை."

"எழுதினது நீங்கள்தானே?"

"ஓம். அதாலதான் சொல்லுறன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிய, கூட்டத்தில் பார்ப்போம் என்றார். கூட்டம் போட்டிக்குப் பிறகுதான் வந்தது.

நான் நசீர் வீட்டுக்குப் போனேன். றிஸ்வானா அறையை விட்டு வெளியே வரவில்லை. தேத்தண்ணி மட்டும் மகளின் கையில் வந்தது. கதவுக்கு அந்தப்பக்கம் கேட்கட்டும் என்று நான் உரத்துத்தான் பேசினேன்.

"பரீனா, நீ அந்த வசனத்தைச் சொல்லவேண்டாம். எங்கட வகுப்புக்கு மேடைக்கு முன்னால இருந்து வசனம் எடுத்துக் குடுக்கிறது நான். அந்த இடத்தில நிப்பாட்டு. அடுத்த வசனத்தை நான் தருவன்."

"பட் ரீச்சர், மார்க்ஸ் குறையும். ஐ கான்ட் வின்."

"ஓம், குறையும். வெல்லமாட்டாய்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஓகே, வாறன்," என்றாள். அறைக்கதவு திறக்கவேயில்லை.

5. விட்ட வசனம்

போட்டி ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. மண்டபம் நிறைந்துவிட்டது. கடைசி வரிசையில் நசீரும் பக்கத்தில் றிஸ்வானாவும். அவ கோட்டைக் கழற்றாமல் இருந்தா.

பரீனா ஏறினாள். குரலில் நடுக்கமில்லை. அந்த இடம் வந்தது. நின்றாள். நான் அடுத்த வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை சொல்லி முடித்தாள். கைதட்டல் ஓயும் முன்னரே மாஸ்டர் மைக்கைப் பிடித்தார்.

"ரீச்சர், ஒரு வசனம் விட்டுப்போச்சு. நீங்கள் எடுத்துக் குடுத்ததும் பிழை."

பொதுவிடத்தில் வாயைக் கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை. அன்றைக்கு எழும்பிவிட்டேன். மைக் இல்லை. ஆனால் ஒரு மூலைப் பலகையை வைத்துக்கொண்டு இருபத்தாறு பிள்ளைகளை மேய்க்கிறவளுக்கு மைக் எதற்கு?

"பிள்ளை பிழை விடேல்லை மாஸ்டர். அந்த வசனத்தை எழுதினது நான். எழுதினது பிழை. அந்தப் பிள்ளையின்ர தாய் கதைக்கிறது நல்ல தமிழ். அதைப் பிழையெண்டு சிவப்பால வெட்டினனான் நான். அந்தத் தாயிட்டை எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கிறன்."

மாஸ்டர் ஏதோ எழுதினார். பிறகு அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார். வேறு வகுப்புப் பொடியன் ஒருவன் ஏறி, மேசையில் ஓங்கி அடித்து, "வீட்டிலே பிழையான தமிழ் பேசுவோரை அன்போடு திருத்துவோம்!" என்று முழங்கினான். அவனுக்கும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு பதினேழு பிள்ளைகள் அதையே சொன்னார்கள். அதில் பாதி என் வகுப்புப் பிள்ளைகள். அந்த வசனத்தை விட்டுவிடுங்கோ என்று அன்று காலை மண்டப வாசலில் தலைதலையாய் அடித்துச் சொல்லியிருந்தும், பாடமாக்கிய வாய் அவர்களுக்கு நிற்கவில்லை. நான் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தேன்.

பரீனாவுக்குப் பரிசில்லை.

முடிந்து வெளியே வரும்போது நடைபாதையில் றிஸ்வானாவைக் கண்டேன். கிட்டப் போனேன். அவ என்னைப் பார்த்து, "தாங்க் யூ, ரீச்சர்," என்றா. ஆங்கிலத்தில்தான். சிரிக்கவில்லை.

பிறகு மகள் பக்கம் திரும்பி அவளின் ஜக்கெற் சிப்பை இழுத்துப் பூட்டினா.

"காலையில ஒண்டும் பசியாறாம வந்த நீ. மொகத்தப் பாரு, வாடிப்போய்க் கெடக்கு. வா புள்ள, ஊட்டுக்குப் போய்ப் பசியாறுவம்."

பரீனா தாயின் இடுப்பைக் கட்டிப்பிடித்தபடி நடந்தாள். வாகனத் தரிப்பிடம் முடியும்வரை அந்தத் தாயின் வாய் ஓயவில்லை. எனக்கு ஆங்கிலம், மகளுக்குத் தமிழ். எனக்குக் கிடைத்தது எனக்குச் சரி.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் படிப்பித்தேன். அந்த வீட்டுவேலையை ஒவ்வொரு வருடமும் கொடுத்தேன், தலைப்பை மட்டும் மாற்றி: 'வீட்டில் கேட்ட பத்துச் சொற்கள்.' பிழை, சரி என்ற கோடு இல்லை. எழுத்துத் தமிழையும் இலக்கணத்தையும் முன்னரைப்போலக் கண்டிப்பாகவே படிப்பித்தேன். அதில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் வீட்டுச் சொல்லில் சிவப்புப் பேனா வைக்கவில்லை.

இப்போது படிப்பிக்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கொப்பியைத் திருத்தும்போது எதிரே இருப்பது பிள்ளை மட்டும் என்று நினைக்காதீர்கள். அந்தக் கொப்பி திரும்ப வீட்டுக்குப் போகிறது. பிள்ளைக்கு நட்சத்திரம் கிடைத்திருக்கிறது என்ற சந்தோசத்தில் ஒரு தாய் அதைத் திறந்து பார்க்கிறாள்.