திருப்பித் தைத்த கோட்டு

தைத்த பிறகு சுருங்கக் கூடாதென்று, துணியை நனைத்துக் காயவைக்காமல் தையலம்மா கத்திரியைத் தொட்டதில்லை. போர்க்காலத்திலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அந்த வருஷம் அதுவே வினையாயிற்று.

ரேஷன் கூப்பனுக்குக் கிடைத்த கோட்டுத் துணி கடையில் பலகைபோல விறைத்து நின்றது. வாளியில் முக்கியதும் கஞ்சியெல்லாம் கரைந்து தண்ணீர் வெளுத்தது. கையில் மிஞ்சியது சல்லடை. திங்கட்கிழமை மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர வேண்டும். கனத்த கோட்டு இல்லாமல் வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்த கூப்பனுக்கு இன்னொரு குளிர்காலம் வர வேண்டும்.

ஈரத் துணியோடு கடைக்குப் போனாள். நனைத்ததை மாற்ற முடியாதென்று கடைக்காரர் கையை விரித்தார். "அப்படியே தைச்சிருந்தா ஒரு வருஷம் ஓடியிருக்குமேம்மா."

"மழை பெய்யாத வருஷமா பாத்துச் சொல்லுங்க" என்றுவிட்டுத் திரும்பினாள்.

வீட்டு அலமாரியில் கணவரின் கம்பளிக் கோட்டு தொங்கியது. போர்முனைக்குப் போனவர் இனி வரமாட்டார் என்று தந்தி வந்த பிறகும் அதை யாரும் நகர்த்தவில்லை. வெளிப்பக்கம் வெளுத்திருந்தது. தையலை ஓரிடத்தில் பிரித்துப் பார்த்தாள். உள்பக்கம் புதுக் கறுப்பு.

நாத்தனார் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அண்ணனோடதுன்னு சொல்லிக்க இது ஒண்ணுதானே இருக்கு, அண்ணி."

"அவர் பொண்ணு இருக்கா. அவளுக்குத்தான் குளிரும். நீ ஊசியில நூலைக் கோத்துக் குடு."

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கோத்துக் கொடுத்தாள். காலரைப் பிரிக்கும்போது மட்டும் தையலம்மாவின் கை சற்று நின்றது. பிறகு அதையும் பிரித்தாள். கோட்டு முழுவதையும் உள்வெளியாகத் திருப்பி, மகளின் அளவுக்குக் குறுக்கித் தைத்தாள். சல்லடைத் துணியை இரட்டையாக மடித்து உள்ளே லைனிங்காகக் கொடுத்தாள், அதற்காவது உதவட்டும்.

மகள் போட்டுப் பார்த்து முகம் சுளித்தாள். இடது மார்பில் இருந்த பை வலப்பக்கம் வந்திருந்தது. "திருப்பித் தைச்சதுன்னு எல்லாருக்கும் தெரியுமேம்மா."

"தெரியட்டும். நீ எழுதறது இடது கையால. பென்சில் எடுக்கத் தோதா இருக்கும்."

வாசலில் அவளை யாரும் திருப்பி அனுப்பவில்லை. பயிற்சி முடியும்வரை அந்தக் கோட்டுதான்.

போர் முடிந்து நல்ல துணி வந்த பிறகும் தையலம்மா நனைக்காமல் வெட்டியதில்லை. கடைசியாக அவள் கொடியில் உலர்த்திய துணியை, துக்கத்துக்கு வந்த எல்லாரும் கலைந்துபோன பிறகு, மகள்தான் எடுத்து மடித்தாள். அது சுருங்கியிருக்கவில்லை.