சைலன்ட் பீரியட் எத்தனை மணிக்கு?

குளிர் தொடங்கிய ஒரு காலையில் என் மகன் கவினின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. அவனுடைய டிபன் பாக்ஸில் ஆபத்தான பொருள் இருக்கிறதாம், உடனே வர வேண்டுமாம். கத்தியா, பிளேடா என்று பதறிக்கொண்டு ஓடினேன். அலுவலக மேசை மேல், கையுறை மாட்டிய ஒரு அம்மாளின் காவலில், நான் அரைத்துக் கொடுத்த கடலைச் சட்னி உட்கார்ந்திருந்தது. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு உயிரே போய்விடும் என்று விளக்கினார்கள். நியாயம்தான். தலையைக் குனிந்துகொண்டு சட்னியை ஜாமீனில் எடுத்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ஆனால் மாலைக்குள் ஸ்கூல் போர்டிலிருந்து மூன்று மின்னஞ்சல்கள் வந்துவிட்டன. கனடாவில் நாங்கள் வாழும் இந்தச் சிற்றூரில் அரசுப் பள்ளிகளை நடத்துவது இந்த போர்டுதான். அதற்கு ஆட்களை மக்களே ஓட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கென்று தனியாக ஒரு தேர்தல், அதில் பிரியாணியும் இல்லை, குக்கரும் இல்லை. எதை நம்பி ஓட்டுப் போடுகிறார்களோ தெரியவில்லை. பனி பெய்தால் ஒரு கடிதம், பிள்ளைகள் தலையில் பேன் கண்டால் ஒரு கடிதம், அந்தக் கடிதங்கள் கிடைத்தனவா என்று கேட்டு இன்னொரு கடிதம்.

இதையெல்லாம் கிண்டல் செய்ய எனக்குத் தகுதி உண்டு. பெருந்துறைப் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவியாக இருந்தவள் நான். கவின் அங்கே படித்தான். பெற்றோரில் ஒரு பெண் தலைவியாக வேண்டும் என்பது விதி. கூட்டத்துக்கு முதலில் வந்தவள் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்குக் கூட்டம். தலைமை ஆசிரியர் தீர்மானங்களை வாசிப்பார், நாங்கள் "சரீங்க" என்போம். "இன்னும் வாசிச்சு முடிக்கலீங்க" என்பார், அதற்கும் "சரீங்க" என்போம். பிறகு டீ, வடை. கல்வி அப்படியே ஒரு படி மேலே போய்விடும். ஆசிரியர்கள் பாடம் நடத்தியது போக மிச்ச நேரத்தில் போனில் விவரங்களைப் பதிவு செய்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பதிவு செய்தது போக மிச்ச நேரத்தில்தான் பாடம் என்பது தலைவியான பிறகு தெரிந்தது.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை பூங்கொடி டீச்சர் மட்டும் "சரீங்க" சொல்லாத ஆள். கவின் வகுப்பில் அப்போது பிங்கி என்று ஒரு ஒடியாக்காரச் சிறுமி சேர்ந்திருந்தாள். அப்பாவும் அம்மாவும் சிப்காட்டில் வேலை. தமிழில் ஒரு எழுத்தும் தெரியாத குழந்தை, கடைசி பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள், பேருந்துக்குக் காத்திருப்பவளைப் போல. டீச்சர் ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டார்.

"லைன் வீட்டுல மமதான்னு ஒரு ஒடியாக்கார அம்மா இருக்காங்க. தமிழும் நல்லாப் பேசுவாங்க. காலையில ஒரு மணி நேரம் அந்தப் புள்ளைகூட வகுப்புல உக்காரட்டுமுங்களா? குழுவுல ஒரு தீர்மானம் போட்டுக் குடுத்தீங்கன்னா போதும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைவி என்றால் ஏதாவது சொல்ல வேண்டுமே. "டீச்சர், பாவந்தானுங்க அந்தப் புள்ள. யாரு இல்லைன்னா? ஆனா வகுப்புல அவங்க பாஷையில பேசிட்டு இருந்தா நம்ம பசங்க படிப்பு என்னங்க ஆறது?" என்றேன். எவ்வளவு மரியாதையான மறுப்பு பாருங்கள், எத்தனை 'ங்க'! மற்ற தாய்மார்கள் தலையாட்டினார்கள். அன்றைக்கு அதற்குப் பதிலாக, சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்து 'எல்லோரும் படிப்போம்' என்று கொட்டை எழுத்தில் எழுதத் தீர்மானம் போட்டோம். எழுத்து மிக அழகாக வந்தது. அதன் ஈரம் காய்ந்த வாரத்தில் பிங்கி பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. சுவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் என் கணவருக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் சிஎன்சி மெஷின் வேலை கிடைத்து, குடும்பத்தோடு வந்து இறங்கினோம். ஊரில் வாய் மூடாத கவின், இங்கே வகுப்பில் வாயே திறக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அவன் ஆசிரியை ஹெலன் என்னை அழைத்தார். சிரித்த முகத்தோடு, "கவலைப்படாதீர்கள், அவன் சைலன்ட் பீரியடில் இருக்கிறான்" என்றார். எனக்கு பீரியட் என்றால் கணக்கு பீரியட், பி.டி. பீரியட். பேசாமல் இருக்கவும் ஒரு பாடவேளை வைத்திருக்கிறார்களே, பணக்கார நாடு என்று வியந்து, "தினமும் எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆறு மாதம்கூட ஆகலாம்" என்றார். புது மொழிக்குள் வந்து விழுந்த குழந்தைகள் கொஞ்ச காலம் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்களாம், அதற்குப் பெயராம் அது. வீட்டுக்கு நடக்கும்போதுதான் பேருந்துக்குக் காத்திருப்பவளைப் போன்ற அந்த உருவம் எனக்குள் வந்து உட்கார்ந்தது. என் மகன் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்று ஹெலனிடம் கேட்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் பெற்றோர் கவுன்சில் கூட்டம் நூலகத்தில் நடந்தது. பழைய தலைவி அல்லவா, போனேன். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை பீட்சாவில் அன்னாசி போடலாமா என்று நாற்பது நிமிடம் விவாதித்தார்கள். உலகம் முழுக்கக் கல்வி வடையால்தான் முன்னேறுகிறது என்று நிம்மதியாக இருந்தது. பிறகு ஹெலன் எழுந்தார். புதுக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியையை போர்டு இனிமேல் வாரத்தில் இரண்டு நாள்தான் அனுப்புமாம். மற்ற நாட்களில் பெற்றோர் யாராவது ஒரு மணி நேரம் அந்தக் குழந்தைகளுடன் வகுப்பில் உட்கார முடியுமா என்று கேட்டார்.

நல்ல ஸ்வெட்டர் போட்ட ஒரு அப்பா கையை உயர்த்தினார். புதியவர்களை வரவேற்பதில் தனக்கு மிகுந்த மகிழ்ச்சி, ஆனால் வகுப்பில் அதிகப்படி பேச்சு இருந்தால் மற்றக் குழந்தைகளின் கற்றல் நேரம் என்ன ஆகும், சும்மா கேட்கிறேன் என்றார். இந்த நாட்டுக்கு வந்து எதையும் பாதி ஊகித்தே புரிந்துகொண்ட எனக்கு, முழுதாகப் புரிந்த முதல் ஆங்கில வாக்கியம் அது. புரியாமல் எப்படி? என் வாக்கியம்தானே, ஸ்வெட்டர் போட்டு வந்திருந்தது.

எழுந்து நின்றேன். "ஐ ஆல்சோ சே திஸ்," என்றேன். "மை ஸ்கூல். இந்தியா. ஒன் கேர்ள். ஐ சே நோ." அதற்கு மேல் ஆங்கிலம் இல்லை. "ஷி ஸ்டாப் கமிங்," என்று மட்டும் சொன்னேன். அந்த அப்பாவின் முகம் சிவந்தது. மோசமான மனிதர் இல்லை அவர், நானும் இல்லை, அதுதான் தொல்லை. ஹெலன் என்னிடம், "நீங்கள் வருவீர்களா?" என்று கேட்டார். நம் ஊர் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். அவர் அதை 'முடியாது' என்று எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டார். பின்னாலேயே ஓடிப்போய், அது சம்மதத் தலை என்று விளக்க வேண்டியிருந்தது.

பிள்ளைகளுடன் உட்காரக் காவல் நிலையத்தில் நற்சான்று வாங்க வேண்டும். கைரேகையெல்லாம் கொடுத்து, 'இவள் ஆப்பிளுக்கு ஏ என்று சொல்லத் தகுந்தவள்' என்று அரசாங்கம் ஒத்துக்கொண்ட பிறகு, தினமும் ஒரு மணி நேரம் உட்காருகிறேன். சிரியாவிலிருந்து வந்த ஒரு சிறுமி ஒரு பக்கம், கவின் மறுபக்கம். யார் மொழியும் யாருக்கும் தெரியாது. மூன்றாவது வாரம் அவள் இவனுடைய கத்தரிக்கோலை எடுக்க, "நாட் ஃபேர்!" என்று கவின் கத்தினான். வகுப்பில் அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. பையன் சண்டை போட்டதற்கு ஆசிரியை கை தட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அன்று பூங்கொடி டீச்சருக்கு போன் செய்தேன். பிங்கியைப் பற்றிக் கேட்டேன். "திருப்பூர்ப் பக்கம் போயிட்டாங்கன்னு மமதா சொன்னாங்க. அங்க பள்ளிக்கோடம் போறாளான்னு தெரியலீங்க," என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். "அட, அதெல்லாம் பரவால்லீங்க அம்மணி," என்றார். திட்டியிருந்தால் இதைவிடக் குறைவாக வலித்திருக்கும். பிறகு அவரே, "இந்த வருசம் அஞ்சு புள்ளைங்க அப்பிடி இருக்காங்க. வெள்ளிக்கிழமை கூட்டத்துல நீங்க ஒரு வார்த்த பேசுங்க. போனை மேசை மேல வெச்சுடறேன்," என்றார்.

அங்கே மூன்று மணி என்றால் இங்கே விடியாத நேரம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மமதாவை வகுப்பில் உட்கார விடலாம் என்று பேசினேன். யாரோ ஒரு தாய், "நம்ம பசங்க படிப்பு..." என்று ஆரம்பித்தார். "ஏனுங்க அக்கா, நானும் அப்பிடித்தான் சொன்னேன். இப்ப எம்பையன் இங்க அந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கானுங்க," என்றேன். போனில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்த மமதா திங்கக்கெழமையே வருவாங்களா?" என்று அதே குரல் கேட்டது. தீர்மானம் நிறைவேறியது.

கூட்டம் கலைந்த பிறகு டீச்சர் போனை எடுத்தார். "ஒரு சந்தேகமுங்க. உங்க பேர வந்தவங்க பட்டியல்ல எழுதறதுங்களா, வராதவங்க பட்டியல்லங்களா?"

உள்ளறையில் கவின் தூக்கத்தில் ஏதோ முனகினான். எந்த மொழி என்று பிடிபடவில்லை.

"சரீங்க, அவசரமில்லீங்க," என்றார் டீச்சர். "இப்போதைக்கு ரெண்டுக்கும் நடுவுல பென்சில்ல எழுதிப்போட்டேன்."