காமர்ஸ் வாத்தியாரின் ஜெபம்

குன்னூரில் டாக்ஸி ஓட்டிப் பிழைத்தவன் நான். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனாலும் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் காமர்ஸ் பேராசிரியர் அரை வாழ்நாள் என் வண்டியில்தான் வந்து போனார். ஞாயிறானால் அவரையும் அவர் அம்மாவையும் சர்ச்சுக்குக் கொண்டுபோவேன். முதலில் என்னிடம் இருந்தது பழைய அம்பாசடர். மழையில் அதன் வைப்பர் ஒரு பக்கம்தான் அசையும். அதுவும் நான் உட்காராத பக்கம். அது கிடக்கட்டும்.

அந்த அம்மாவுக்கு ஒரு மனத்தாங்கல். நெடுநாள் காத்திருந்து பிறந்த மகன். பிள்ளை பிறந்தால் ஊழியத்துக்கே கொடுத்துவிடுவதாக ஆண்டவரிடம் பொருத்தனை செய்திருந்தார். மகனோ பாதிரியாராகாமல் வியாபாரப் படிப்பு சொல்லிக் கொடுக்கப் போய்விட்டார். அதுவும் ஊழியந்தான் என்பது மகனின் கட்சி. ஆராதனை முடிந்து வண்டி ஏறியதும் தொடங்கிவிடும்.

"பாயி, நீயே சொல்லு. லாபம் நட்டம் சொல்லிக் குடுக்கறது ஊழியமாக்கும்?"

"எனக்கு வண்டி ஓட்டத்தானுங்கம்மா தெரியும்."

"நீயும் அவனும் கூட்டு," என்பார்.

ஒருநாள் அம்மாவை வீட்டில் விட்டு வந்ததும் பேராசிரியர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துருச்சு பாயி. நெசமாவே தப்பான வழியில போயிட்டனோ?" என்றார். கோயம்புத்தூர் கம்பெனிகள் கூப்பிட்டும் போகாமல் மலையிலேயே இருந்தவர். அம்மாவுக்கு உடம்பு தளர்ந்துகொண்டிருந்தது. அவர் கண் மூடுவதற்குள் ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் மனிதரின் தவிப்பு.

போன வருஷம், அவரிடம் படித்த பெண் ஒருத்தி பிக்கட்டியில் மளிகைக் கடை வைத்தாள். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண்மணியின் மகள். சார் வராமல் கடை திறக்கமாட்டேன் என்றுவிட்டாள். அம்மாவைத் தனியாக விட முடியாமல் அவரையும் ஏற்றிக்கொண்டோம். அதற்குள் வண்டியை என் மகனிடம் விட்டாகிவிட்டது. இவர்களுக்கு மட்டும் நானே ஓட்டுவேன்.

கடை வாசலில் குத்துவிளக்கும் சாம்பிராணியும் தயார். பெண்ணின் தாய் பேராசிரியரைக் கும்பிட்டு, "வாங்க பாதர், ஜெபம் பண்ணி ஆரம்பிச்சு வையுங்க," என்றார்.

"நான் பாதர் இல்லீங்க. காமர்ஸ் வாத்தியாரு."

"அதென்னமோ எனக்குத் தெரியாதுங்க. இவ படிப்ப உட்டுட்டு எங்கூடக் கொழுந்து பறிக்க வந்தப்ப, எஸ்டேட் லைன் வீட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போனது நீங்கதானுங்களே. பாதருங்கதான அப்படி ஊடு ஊடா வருவாங்க?"

அந்தக் குளிரிலும் பேராசிரியருக்கு வேர்த்துவிட்டது. காரிலேயே உட்கார்ந்திருந்த அம்மா கண்ணாடியை இறக்கினார்.

"என்னடா முழிக்கிற? கேக்கறாங்கல்ல, பண்ணு!" என்றார் அம்மா.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தராசின் மேல் கை வைத்துக் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, இந்தத் தராசு யாரையும் ஏமாத்த வேண்டாம். கடன் கேட்டு வர்றவங்களப் பாத்து இந்தப் புள்ள மூஞ்சியச் சுளிக்க வேண்டாம். அதுக்காகக் கடன் குடுத்தே கடைய மூடிறாமயும் பாத்துக்குங்க."

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் துஆவுக்கு ஏந்துவதுபோல் கையை ஏந்தி நின்றேன். காருக்குள்ளிருந்து "ஆமென்" என்று ஒரு சத்தம் வந்தது. அந்த உடம்பில் அவ்வளவு குரல் இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

திரும்பும்போது, மஞ்சூர் தாண்டியதும் அம்மா ஆரம்பித்தார்.

"லைனுக்கெல்லாம் போனேன்னு எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"அதுல சொல்றதுக்கு என்னம்மா இருக்கு? புள்ளைங்க வரலீன்னா போய்க் கூப்புடறதுதான்."

"எத்தன புள்ளைங்கள அப்படிக் கூப்பிட்ட?"

"யாரு எண்ணுனா?"

அம்மா சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார். பிறகு என் தோளைத் தட்டினார்.

"பாயி, வர்ற ஞாயித்துக்கெழம கொஞ்சம் நேரத்துலயே வந்துரு. பொருத்தன நெறவேறிருச்சுன்னு பீடத்துல சாட்சி சொல்லோணும்."