சுழியம் இருந்த இடம்

வாசகரே, நீங்கள் சாட்சியாக இருந்து கேளுங்கள். கடந்த ஆண்டு ஆவணியில், தேங்காய்ப்பட்டணத்து ஊர்க்கூடத்தில், மேடைப் பேச்சையே என் பெருமையாகக் கொண்டிருந்த நான் என் அலங்காரச் சொற்களைக் கைவிட்டேன்.

குமரி முனையிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரையிலான கடற்கரையை என் நண்பன் கணினிக்குள் கட்டியிருந்தான். மெய்நிகர் காட்சிக்கான வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துறைமுக வாயிலுக்குள் விசைப்படகைத் திருப்பி நுழைக்கப் பழகலாம். படகுக்காரர்கள் ஏற்றுக்கொண்டால் அவன் ஊரில் இருப்பான். மறுத்தால் வேலைக்காகத் துபாய்க்கு விமானம் ஏறுவான். விசா வந்துவிட்டது. அவனுடைய அப்பா முன்வரிசையில் அமர்ந்திருந்தார்.

“முக்கடல் கூடும் குமரி முனையே இவ்வுலகின் சுழியம், எல்லா அளவும் தொடங்கும் இடம்!” என்று அவன் படைப்பை அறிமுகப்படுத்தி முழங்கினேன். கைதட்டல் அடங்கியதும் படகோட்டி ஒருவர் கண்ணாடியை மாட்டினார். துறைமுக வாயில் நெருங்கியது.

“ஏலே, எனக்க கை என்னத்துக்கு விறைக்குது?”

அவருடைய கைகள் நடுங்கவே இல்லை. திரையில்தான் விரல்களும் சுக்கானும் வெட்டி வெட்டித் துடித்தன. தலை சுற்றுகிறது என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“வள்ளத்துக்குக் குளிர்காய்ச்சலாக்கும்!” என்றது ஒரு குரல். கூடமே சிரித்தது. நண்பனின் அப்பா சிரிக்கவில்லை.

‘இது கடலின் கொந்தளிப்பு’ என்ற பொய் என் நாநுனிவரை வந்தது. நண்பன் என் சட்டையைப் பற்றி இழுத்தான்.

“மக்கா, ஒண்ணும் அளந்து விடாத. உனக்க வசனத்துக்காகத்தான சுழியத்த முனையில வச்சேன்? ஒத்திகையும் அங்கேயே பாத்துட்டோம். இது சுழியத்த விட்டுத் தூரம் போனா வாற கோளாறு.”

எப்பொருளின் இடத்தையும் சுழியத்திலிருந்து அளந்தே கணினி குறிக்கும். ஓர் எண்ணுக்கு இத்தனை இலக்கங்கள்தாம் என்ற வரம்பும் உண்டு. தொலைவு வளர வளர, பெரிய அளவுகளே அவ்விலக்கங்களை விழுங்கிவிடும். விரலின் நுண்ணசைவைக் குறிக்க மிச்சம் இராது. விரல் இடம் விட்டு இடம் தாவும்.

அதை அப்படியே ஒலிபெருக்கியில் சொன்னேன். அலங்காரமே இல்லாத என் முதல் பேச்சு அது. சிலர் எழுந்து வாசலுக்கு நடந்தனர். நண்பனின் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. துறைமுகத்தையே சுழியமாக்கி, கரை முழுவதையும் அதற்கேற்ப நகர்த்தினான்.

“அண்ணே, ஒருக்கா மட்டும் கூட,” என்று படகோட்டியிடம் கெஞ்சினான்.

படகோட்டி மாட்டினார். வாயில் வந்தது. சுக்கான் துடிக்காமல் திரும்ப, படகு வளைந்து உள்ளே நுழைந்தது. அவர் கழற்றவில்லை.

“இன்னொரு மட்டம் போடு பிள்ளே,” என்று மறுபடியும் ஓட்டக் கேட்டார்.

அப்பா எழுந்து மகனிடம் வந்தார். “நீ வரல்லன்னு விசாக்காரன்கிட்ட நான் பேசிக்கிடுகேன்.”

அழகான வாக்கியத்தின் சுமையை வேறொருவன் தோளில் ஏற்றிவிட முடியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஒலிபெருக்கி அணையுமுன், எல்லோரும் கேட்கச் சொன்னேன்:

“மக்கா, உனக்க வேலையப் பத்தி இனி ஒரு வரி பேசணும்னாலும், உனக்க வேலை அதத் தாங்குமான்னு உங்கிட்டக் கேட்டுட்டுத்தான் பேசுவேன்.”