பானெட்டில் இருக்க ஆள் வேண்டும்

குலசேகரத்தைத் தாண்டி, சானல்கரை ரோடு பிரிகிற இடத்தில் செல்வதாஸ் அண்ணனின் ஷெட் இருக்கிறது. பக்கத்தில் என் டீக்கடை. எங்கள் வட்டாரத்தில் அவரைவிடப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. பயத்தை நாங்கள் பேடி என்போம். அவர் செய்கிற தொழிலோ, கவிழ்ந்த வண்டிகளைத் தூக்குவது. இந்தப் பொருத்தத்தை எந்தப் புண்ணியவான் பார்த்து வைத்தானோ.

அவரிடம் இருப்பது ஒரு பழைய ஜீப். ரப்பர் எஸ்டேட் ஒன்று கழித்துப் போட்டதை வாங்கி, பின்பக்கக் கூரையை வெட்டி எடுத்துவிட்டு, இரும்புத் தூண் நிறுத்தி, கையால் சுற்றும் வின்ச்சும் கம்பிவடமும் வைத்துக் கிரேன் ஆக்கினார். பள்ளத்தில் விழுந்த லோடு ஆட்டோ, மலைப்பாதையில் அச்சு முறிந்த டெம்போ, ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின் எல்லாவற்றுக்கும் அந்த ஜீப்தான். மயிலாடியில் செதுக்கிய மாதா சிலையைக் ரோட்டோரச் சிலுவைக் கோயிலான குருசடியில் நிறுத்தியதும் அதுதான். அன்றைக்கு அண்ணன் வெடவெடத்துக்கொண்டு நின்றார். சி.எஸ்.ஐ. சபைக்காரர் மாதாவைத் தொட்டால் அப்படித்தான் நடுங்கும் என்று கிண்டல் செய்தோம். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வடம் இழுபடும் நேரத்தில் அவருக்கு எதுவுமே வராது.

ஒரு வேலைக்குக் கிளம்புமுன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். வடத்தை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்ப்பார். ஜெபம் பண்ணுவார். பிறகு ஷெட்டுக்குப் பின்னால் மூத்திரம் போய்விட்டு வருவார். அவர் மனைவி ஜாஸ்பின் அக்கா, "ஒங்களுக்கு இந்தப் பொழப்பு எதுக்கு? தையல் படிச்சிருக்கலாமே" என்பாள். தொங்குகிற பாரத்துக்குக் கீழே மட்டும் அவர் போகவே மாட்டார். மற்றவர்கள் போனாலும் கத்துவார். ஊரே அடங்கிப் போகிற மாதிரிக் கத்துவார்.

இந்த மாதிரி ஜீப்புகளுக்கு ஒரு குறை உண்டு. பின்னால் பாரம் கூடினால் முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பிவிடும். அதற்கு எல்லாரும் செய்கிற வழி, வேடிக்கை பார்க்க வந்தவர்களில் தடியான நாலைந்து பேரை முன்பக்க எஞ்சின் மூடியான பானெட்டில் ஏற்றி உட்கார வைப்பது. எங்கே போனாலும் அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். நான் கல்லாவைப் பூட்டிவிட்டு, பெரிய உத்தியோகத்துக்குப் போகிறவனாக ஏறிக்கொள்வேன்.

சென்ற ஐப்பசியில் பாசனச் சானல் கரைமுட்ட ஓடிக்கொண்டிருந்தது. துணிக்கடை வைத்திருக்கும் பெபிஷா என்ற பெண், எதிரே வந்த டெம்போவுக்கு வழிவிடக் காரைப் பின்னால் எடுத்திருக்கிறாள். மழையில் ஊறின கரை இடிந்து, கார் பின்பக்கமாகச் சானலுக்குள் இறங்கிவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முன்கண்ணாடிக்குள் அவள் முகம் மட்டும் தெரிந்தது. தண்ணீர் அவள் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தீயணைப்பு வண்டி வருகிற வழியில் மரம் விழுந்து கிடப்பதாகச் சொன்னார்கள்.

அண்ணன் ஜீப்பைப் பின்பக்கமாகக் கரையோரம் நிறுத்தினார். காரின் முன்பக்கத்தில் கொக்கி மாட்டினார்கள். நானும் வேறு நாலு பேரும் பானெட்டில் ஏறினோம். அண்ணனை மாமா என்று கூப்பிடும், கூட வேலை செய்கிற அனீஷ் வின்ச்சைச் சுற்ற, காரின் மூக்கு மெதுவாக எழும்பியது. தண்ணீர் அவள் நெஞ்சுக்கு இறங்கியது. அதற்கு மேல் கார் வரவில்லை. பின்சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. கதவும் திறக்கவில்லை, சீட் பெல்ட்டும் கழலவில்லை. யாராவது இறங்கி அறுத்து எடுக்க வேண்டும். கதவுப் பக்கம் போக இறங்குகிற இடம் தொங்கும் காருக்கு அடியில்.

செல்வதாஸ் அண்ணன் கரையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. அனீஷிடமிருந்து கத்தியை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். உதடு வெளுத்திருந்தது.

"மக்கா, நான் எறங்கப் போறேன். எனக்கு ரொம்பப் பேடியா இருக்கு. நீங்க ஆரும் எறங்கிரப்பிடாது. என்ன ஆனாலும் எறங்கப்பிடாது."

பானெட்டில் இருப்பவனுக்குச் சானல் தெரியாது. ரோடும் ரப்பர் மரங்களும்தான் தெரியும். பின்னால் நடப்பதைக் காதால்தான் பார்க்க வேண்டும். அவர் தண்ணீரில் இறங்கும் சத்தம் கேட்டது. கண்ணாடி உடைந்தது. பெபிஷா அழுதாள். வடம் கிறீச்சிட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

"எடுத்தாச்சு. பிள்ளைக்கு உயிரு இருக்கு" என்று கரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அவ்வளவுதான். பானெட்டில் இருந்த மற்ற நாலு பேரும் சாடி இறங்கி ஓடினார்கள். ஒருவன் கையில் ஃபோன். கெட்டவர்கள் கிடையாது, சந்தோஷம் தாங்காமல் ஓடினார்கள். ஆனால் அந்த நிமிஷம் அவர்களைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. ஜீப்பின் முன்பக்கம் என்னோடு சேர்ந்து எழும்பத் தொடங்கியது.

ரோடு மறைந்தது. மரங்களின் தலை தெரிந்தது. பிறகு வானம் மட்டும் தெரிந்தது. நான் சறுக்கிப்போய்க் கண்ணாடிச் சட்டத்தில் முதுகு இடிக்கக் கிடந்தேன்.

"அண்ணே, எறங்காதீங்க. மாமா அடியில கெடக்காரு. காலு மாட்டிக்கிட்டு" என்று அனீஷ் அலறினான்.

ஜீப் மல்லாந்தால் என்மேல் விழும் என்று தெரிந்தது. குதித்துவிடு என்றது உடம்பு. கால் அசையவில்லை. இடுப்புக்குக் கீழே யாரோ வெட்டி எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. கத்த வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. ஆண்பிள்ளைகள் எல்லாரும் பெபிஷாவைச் சுற்றி நின்றார்கள். செல்வதாஸ் அண்ணனின் சத்தம் இல்லவே இல்லை.

சானல்கரையில் புதர் வெட்ட வந்த நூறுநாள் வேலைப் பெண்கள் மண்வெட்டியோடு கொஞ்சம் தள்ளி நின்று பெபிஷாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் நேசம்மாள் என்பவள்தான் அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தைப் பார்த்தாள்.

"ஏட்டி, அங்க என்ன பாக்கிய? வண்டி பொங்குது. வாங்கட்டி, ஏறுங்க."

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். முதலில் பம்பரில் தொங்கினார்கள். அது தாழ்ந்ததும் ஒருத்தியை ஒருத்தி தூக்கிவிட்டுப் பானெட்டில் ஏறினார்கள். என் மடியில்கூட ஒருத்தி இருந்தாள், யாரென்று இன்றுவரை தெரியாது. சக்கரம் தரையைத் தொட்டது. பின்னால் கார் மறுபடி எழும்ப, தண்ணீர் சளசளத்தது. யாரோ இருமினார்கள். இருமல் நிற்காமல் தொடர்ந்தது. அந்த இருமலைக் கேட்டு நான் அழுதேன்.

சேறும் ரத்தமுமாக அண்ணன் நொண்டி நொண்டி முன்னால் வந்தார். பெண்கள் இறங்கப் போனார்கள்.

"கார் இன்னும் தொங்குது. எறங்காதீங்க தாயே."

பிறகு என்னைப் பார்த்தார்.

"அடியில கெடக்கும்போ காரு தாந்துச்சு. ஆளுவ எறங்கிட்டானுவன்னு தெரிஞ்சுது. கத முடிஞ்சுன்னு நெனச்சேன். பொறவு பாதியில நின்னுது. நீ இருக்கேன்னு வெளங்கிச்சு."

"பேடியில காலு வரல அண்ணே. இல்லேன்னா நானும் சாடியிருப்பேன்."

அவர் பம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கும் இப்ப காலு வரல மக்கா. கொஞ்சம் தள்ளி இரி."

நேசம்மாள் கைகொடுத்து அவரை மேலே இழுத்தாள். எங்கள் நடுவில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கரையில் நின்றவர்களும் வடத்தைப் பிடித்து இழுக்க, அனீஷ் வின்ச்சைச் சுற்றிச் சுற்றி ஒருவழியாகக் காரைக் கரையேற்றினான். வடத்தைக் கழற்றிவிட்டுப் போதும் என்றான். இறங்கச் சொல்ல வேண்டியவர் இறங்கவில்லை. என் கையை அவர் விடும்வரை நாங்களும் இறங்கவில்லை.