மேலே ஆள் இருக்காக

சென்ற ஆண்டு ஆனி மாதம், உத்தமபாளையத்தில் நாங்கள் புதிதாகக் குடிபோன வாடகை வீட்டில் நடந்தது இது. என் கணவர் பல வருஷம் வயரிங் வேலை பார்த்தவர். நுரையீரல் கெட்டுப்போனதிலிருந்து வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிறோம். கரண்ட் இருந்தால் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும். இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி.

அன்று காலை அடித்த காற்றில் மரம் சாய்ந்து லைன் அறுந்துவிட்டது. பேட்டரியின் டிசி கரண்டை வீட்டுக்கு வேண்டிய ஏசியாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர் எங்களிடம் இருந்தது. ஆனால் சின்னது, விசிறிக்கும் விளக்குக்கும்தான் தாங்கும். கையிருப்புச் சிலிண்டரும் மதியம் நெருங்கும்போது தீர்ந்துகொண்டு வந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ரோட்டில் மரம் கிடப்பதால் சுற்றித்தான் வர முடியும் என்றார்கள். அவருடைய உதடு நிறம் மாற ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டில் நிக்காஹ் விருந்து. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை பேசிப் பழகாத வீடு. வாசலில் போய் நின்று அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். மாப்பிள்ளையின் மாமா இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒயரோடு என் பின்னாலேயே ஓடி வந்தார்.

"ஒரு முனைய ஜெனரேட்டர்ல, மறு முனைய உங்க சுவத்துல செருகுனா வீடு முழுக்க கரண்டு வந்துரும் தங்கச்சி. எங்க ஊரு தேவாரத்துல வீட்டுல இப்படித்தான் செய்வோம்."

என் கணவர் கையை உயர்த்தி ஜன்னலைக் காட்டினார். "வேணாம்ணே. மேல ஆள் இருக்காக."

தெருமுனைக் கம்பத்தில் லைன்மேன் ஏறி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் பிளக்கில் கொடுக்கும் கரண்ட் வீட்டோடு நிற்காது, வந்த வழியே தெருக் கம்பிக்குத் திரும்பிப் போகும், டிரான்ஸ்பார்மரைத் தாண்டினால் வோல்டேஜ் பல மடங்காகும் என்று என் கணவர் முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"மெயின ஆஃப் பண்ணிட்டுச் செருகுவோம்" என்றார் மாமா.

"மறந்துட்டா?" என் கணவருக்கு மூச்சு வாங்கியது. "மறந்துட்டா அவுக போயிருவாக."

எனக்கு ஆத்திரமாக வந்தது. கம்பத்தில் இருப்பவர் யாரோ. இவர் என் வீட்டுக்காரர். ஒயரை நானே வாங்கிச் செருகிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா வந்துவிட்டார். "கரண்ட எதுக்கு அங்கன கொண்டு போறீக? அவுகள இங்கன தூக்கியாங்க" என்றார்.

நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கினார்கள். நான் மெஷினை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். விருந்துக்கு வந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். அந்த வீட்டில் தெருக் கரண்டைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் தனிச் சுவிட்ச் வைத்திருந்ததால் தெருக் கம்பியோடு தொடர்பே இல்லை. காலியாக இருந்த ஒரே அறை, புது ஜோடிக்காக மல்லிகைச் சரம் தொங்கவிட்ட அறை. மணப்பெண்ணே ஓடி வந்து சீரியல் லைட்டின் ஒயரை இழுக்கப் போனாள்.

"ஒயர இழுக்காதம்மா" என்றார் இவர், அந்த நிலையிலும். "சுவிட்ச அணைச்சுட்டு பிளக்கப் பிடிச்சு எடு."

அவள் அப்படியே செய்தாள். அந்த இடத்தில் மெஷினின் மூன்று பின் பிளக்கைச் செருகினேன். உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அவர் உதட்டுக்கு நிறம் திரும்பியது. பிறகு வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் சோதித்துப் பார்த்து, பயமில்லை என்று சொன்னார்கள்.

மாலையில் லைன் சரியானதும் லைன்மேனையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பந்தியில் உட்கார்ந்ததும் அவர் தன் வீட்டுக்குப் போன் போட்டு, "சாப்பிட்டுட்டு வந்துர்றேன், பிள்ளைகளத் தூங்க விட்டுராத" என்றார். என் கணவர் அவரைப் பார்த்துச் சிரித்தார். நடந்த எதையும் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த ஒயர் ஞாபகமாகவே இருந்தது.

இப்போதும் கரண்ட் போனால் என் மனசு பதறத்தான் செய்கிறது. ஆனால் இந்நேரம் யாரோ ஒருவர் ஏதோ ஒரு கம்பத்தில் ஏறியிருப்பார் என்ற நினைப்பும் கூடவே வந்து, அவர் பத்திரமாக இறங்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.