அத்தான் உயர்த்திய தரை

அக்கா வீட்டு ஹோலில் சுழலும் மின்விசிறியை நின்றபடியே கையால் நிறுத்தலாம். விசிறி கீழே இறங்கவில்லை. தரைதான் மேலே போயிற்று. வருகிறவர்கள் குனிந்து நுழைவதைப் பணிவு என்று நினைத்துவிடக் கூடாது. நிமிர்ந்து வந்தால் வாசல் நிலை மண்டையை உடைக்கும்.

யுத்த காலத்தில் வன்னியிலிருந்து வந்து முந்தல் களப்போரம், கடல்நீர் ஏரிக் கரையில், குடியேறிய குடும்பம் அது. சண்டை முடிந்த பிறகும் அங்கேயே இருந்துவிட்டார்கள். ஆரம்பத்தில் வெள்ளம் எப்போதாவதுதான் எட்டிப் பார்த்தது. பிறகு மாரிதோறும் சொந்தக்காரனைப்போல உள்ளே வரத் தொடங்கியது. இறால் பண்ணையில் வேலை செய்த அத்தான், ஒவ்வொரு வெள்ளமும் வற்றியதும் ஒரு லோட் கிறவல் மண் இறக்கி, ஹோலை நிரவி, மேலே சீமெந்து பூசிவிடுவார். களப்போரம் இருந்துகொண்டு அந்த மாதங்களில் அவர்கள் மீனே வாங்குவதில்லை, சொதியும் சம்பலும்தான். மகள் பொங்கலுக்குச் சட்டை கேட்டால், "முதல்ல தரை காயட்டும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. பின்வளவுப் பள்ளத்தில் கிடந்த கக்கூஸ். வெள்ளம் வந்தால் முதலில் நிரம்புவது அதுதான். வளர்ந்த பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாட்டை வெளியில் சொல்ல முடியாது.

"இஞ்சருங்கோ, இந்த முறையாவது அதை உயர்த்திக் கட்டுங்கோவன்."

"வீட்டுக்கு வாறவன் கக்கூஸையே பாக்கப் போறான்? ஹோலைத்தான் பாப்பான்."

நானும் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அவர் குடிக்க மாட்டார், ஊதாரியும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்ட செலவென்றால் சண்டை பிடிக்கலாம். வெள்ளத்துக்குப் பயந்து செய்யும் செலவை என்னவென்று குறை சொல்வது?

கடைசியாக வந்த பெருவெள்ளத்தில் அத்தான் வென்றார். முற்றம் முழுக்கத் தண்ணீர். ஹோலில் ஒரு சொட்டு இல்லை. அயலவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அதற்குள் கக்கூஸ் பொங்கிக் கிணற்றிலும் கலந்துவிட்டது. அக்கா, மகளைக் கூட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் பள்ளிக்கூட முகாமுக்கு நடந்தாள். அத்தான் காய்ந்த வீட்டுக்குக் காவல் இருந்தார். மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரும் வந்து சேர்ந்தார்.

முகாமில் சாப்பாடு பரிமாறிய பையன் அக்காவிடம், "உங்கட வீட்டுக்குள்ளயும் தண்ணி வந்திட்டுதோ, அம்மா?" என்று கேட்டான்.

அக்கா அத்தானின் பக்கம் திரும்பவேயில்லை.

"இல்லைத் தம்பி. வீடு நல்லாக் காய்ஞ்சுபோய்க் கிடக்கு. நாங்கள்தான் நனைஞ்சுபோனம்."